இருளாயிக்கு நான் வாய் நின்ற கோடை

இரு தாயி, இரு. நீ என்ன சொல்ல வருகிறாய் என்று எனக்குத் தெரியும். சன்னலுக்கு மேலே சிவப்பு மையில் எழுதியிருப்பதை நானும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இது பெண்கள் சீட்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த பஸ்ஸில் இருக்கிற வேறு எந்த ஆம்பளைக்கும் இல்லாத உரிமை எனக்கு உண்டு. எப்படி என்று கேள். நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், அது வேறு விஷயம். பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார். நான் ஒல்லி, அதிக இடம் பிடிக்கமாட்டேன். எலும்புதான் கொஞ்சம் குத்தும்.

நான் நத்தக்காடு விலக்கு வரைக்கும் போகிறேன். மகள் அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறாள். இன்றைக்கு நாட்டுக்கோழி அடிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள், பல் இல்லாவிட்டாலும் சாறு குடிக்கலாமே என்று கிளம்பிவிட்டேன். கிளம்பும்போது என் வீட்டுக்காரி வாசல்வரை வந்து என்னமோ சொன்னாள். ரெண்டு தடவை சொன்னாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் காதில் வாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், திரும்பிப்போய்க் கேட்டுக்கொண்டால் போகிறது. கண்டக்டர் பின்பக்கக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் டிக்கெட் கிழிக்க இங்கே வந்து சேர்வதற்குள் கதையை முடித்துவிடலாம்.

உரிமை என்னவென்றால், நான் ஒரு கோடை முழுக்க ஒரு பொம்பளைக்கு வாயாக இருந்தவன்.

சிரிக்காதே. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அப்படி ஒரு வேலை இருந்தது. மந்தையில் ஊர்ச்சபை கூடினால் பொம்பளை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. வழக்கு அவளுடையதாகவே இருக்கட்டும், போனது அவள் ஆடாகவே இருக்கட்டும், அவள் சாவடிச் சுவருக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். அவளுக்காக ஒரு ஆம்பளை சபையில் நின்று பேசுவான். அதற்குப் பேர் வாய் நிற்பது. சுவருக்குப் பின்னால் நிற்கிறவள் கையில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும். வாய் நிற்கிறவன் தப்பாகச் சொன்னால் அவள் சொம்பைத் தட்டுவாள். சரியாகச் சொன்னால் சும்மா இருப்பாள். அவ்வளவுதான் அவளுக்கு உண்டான பேச்சு. அந்தக் காலத்தில் இதை நாங்கள் ரொம்பப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து ஊரில் சொம்பு கூடக் கிடையாதாக்கும்!

அப்பேர்ப்பட்ட ஊரில் எனக்குப் பேர் வீரணன். வீரணன் என்று இன்னும் சில பேர் இருந்ததால் அடையாளத்துக்கு என்னைப் புளுகு வீரணன் என்பார்கள். என் தகப்பன் வளர்த்த சேவல் கூவினால் பக்கத்து ஊர்ச் சேவல்கள் வெட்கப்பட்டு முட்டை வைத்தன என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பேர். வேலைவெட்டி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரி களை எடுப்பாள், கதிர் அறுப்பாள், நான் சாப்பிடுவேன். குடும்பம் என்றால் ஆளுக்கொரு பொறுப்பு வேண்டுமில்லையா?

என் தூரத்துப் பங்காளி குருவன். எனக்கு அண்ணன் முறை. அவன் பெண்டாட்டிதான் இருளாயி. ஊருக்கு மேற்கே பனங்காட்டைத் தாண்டிக் கொஞ்சம் தோட்டம், அதில் ஒரு பொதுக்கிணறு. குருவன் வீட்டுக்கும் அவன் பெரியப்பா மகன் முத்திருளன் வீட்டுக்கும் அந்தத் தண்ணீர் முறை வைத்துப் பாயும். இவர்கள் ஒரு நாள், அவர்கள் ஒரு நாள்.

குருவனுக்கு இளைப்பு நோய். இருந்தாலும் கெட்டிக்காரன், முறை தவறாமல் விடியுமுன் கமலை இறைத்துவிடுவான். கமலை என்றால் உனக்குத் தெரியாது. கிணற்றுக்குள் ஒரு பெரிய தோல்வாளி, அதில் கட்டிய வடத்தை ரெண்டு மாடுகள் சரிவில் இறங்கி இழுக்கும். இழுக்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வான், அவன் கனமும் சேர்ந்து வாளியைத் தூக்கும். வாளி கொட்டியதும் மாடுகள் பின்னாலேயே நடந்து மேட்டுக்கு ஏறும். மாட்டைப் பின்னால் நடக்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. என் பேச்சுக்கு எங்கள் வீட்டு ஆடு முன்னாலேயே நடக்காது.

ஒரு நாள் விடியற்காலையில் அந்தப் பக்கம் ஒதுங்கப் போனேன். தலைப்பாகையும் போர்வையுமாகக் குருவன் வடத்தில் உட்கார்ந்திருந்தான். வரப்பில் நின்று அவனிடம் சேவல் கதையைச் சொன்னேன். அப்புறம், மழையில் என் நிழல் நனைந்து சளிபிடித்த கதை. அப்புறம் இன்னொன்று. ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை தாயி! கதை கேட்கிறவன் என்றால் அவன்தான். கையை மட்டும் ஒரு தடவை ஆட்டினான். அடடா, மனுசன் ரசிக்கிறான் என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துபோய்விட்டது.

அந்தக் குருவன் மாசியில் செத்துப்போனான்.

இருளாயிக்குச் சின்ன வயசு. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கூடப் பிறந்தவன் கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், போனவன்தான். தோட்டத்தில் மிளகாய் நட்டிருந்தாள், பூ வைக்கிற பருவம். காரியம் முடிந்து முறை வந்த அன்றைக்கு முத்திருளன் கிணற்றடியில் போய் நின்றுகொண்டான். "இறைக்க ஆம்பளை இல்லாத வீட்டுக்கு முறை என்ன முறை? இனிமே ரெண்டு முறையும் எனக்குத்தான்" என்றான். தண்ணீர் இல்லாமல் அந்தப் பூ உதிர்ந்துபோனால் அவளுக்கு வேறு வழி கிடையாது. தோட்டத்தை அவனிடம் விட்டுவிட்டு அவன் வீட்டிலேயே சாணி அள்ளிப் பிழைக்க வேண்டியதுதான். அவனும் அதைத்தான் கணக்குப் போட்டான். "எங்க வீட்டுல வந்து கஞ்சி குடிச்சுக்கிட்டுக் கிடக்கட்டும், நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் தர்மவான் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பொம்பளை ஏன் இறைக்கக் கூடாது என்கிறாயா? வடத்தில் பொம்பளை உட்கார்ந்தால் ஊற்றுக்கண் அடைத்துப்போகும், கிணறு வற்றிவிடும். ஊரில் சின்னப்பிள்ளைக்குக் கூட அது தெரியும். யார் பார்த்தது என்று கேட்காதே. யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை, அதனால்தான் கிணறுகளில் தண்ணீர் இருந்தது. நியாயம் சரியாக இருக்கிறதா இல்லையா?

இருளாயி என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரி சீனியம்மா கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்ட களைப்பில் சாய்ந்திருந்தேன்.

"கொழுந்தனாரே, மந்தையில எனக்கு வாய் நிக்கணும்" என்றாள்.

எனக்கு ஆச்சரியமில்லை. என் பேச்சுத் திறமை ஊரறிந்தது. இருந்தாலும் ஒரு அடக்கத்துக்கு, "ஊர்ல எத்தனையோ பேரு இருக்காகளே மதினி" என்றேன்.

"இருக்காக. அத்தனை பேரும் முத்திருளன் களத்துல வேலை பார்க்கிறவுக. நீங்கதான் யாரு களத்துலயும் வேலை பார்க்காதவுக."

முறத்துக்குப் பின்னால் சீனியம்மா களுக்கென்று சிரித்தாள்.

"சரி, நான் என்ன சொல்லணும்?"

"முறை எங்க வீட்டுக்கு உள்ளது. இறைக்க வீட்டுல ஆள் இருக்கு. இம்புட்டுத்தான்."

"யாரு அந்த ஆளுன்னு கேட்டா?"

அவளும் சீனியம்மாவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டே போங்க கொழுந்தனாரே. தப்புன்னா நான் சொம்பைத் தட்டுறேன்."

"ஒட்டுவேலை இல்லாம எனக்குப் பேச வராதே மதினி. ஒண்ணுக்கு ஒம்பது சேர்ந்துக்கிடுமே!"

"அதுவும் தெரியும்" என்றாள்.

கவனித்தாயா தாயி? "அதுவும் தெரியும்." எவ்வளவு மரியாதை பார்.

சபை கூடிய அன்றைக்கு மஞ்சள் துண்டு ஒன்று இரவல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனேன். மந்தைப் புளியமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஊர் என்றால் ஆம்பளைகள். நடுவில் ஆண்டியப்ப அம்பலம், அவர் வைத்ததுதான் தீர்ப்பு. எதிரே முத்திருளன், சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஊரிலேயே அன்றைக்குச் சட்டை போட்டிருந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் பேச எழுந்தபோதே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது, அந்தச் சட்டைக்கு அப்படி ஒரு பளபளப்பு.

"அய்யா, இந்த வேனல்லயும் கிணத்துல தண்ணி தளும்பிக்கிட்டு நிக்குது" என்றான். "கையால மோந்துரலாம் போல இருக்கு. இறைக்க ஆளில்லாம அதை வீணாப் போட்டா ஊருக்கு ஆகுமா? பாவமில்லையா? அதான் அந்த முறையையும் நானே எடுத்துக்கிட்டேன். அதுக்கும் மனசு வேணும்."

பலபேர் தலையை ஆட்டினார்கள். ரொம்ப மனசுதான்.

நான் எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். "சபையோருக்கு வணக்கம். மறைஞ்ச என் அண்ணன் குருவன் ஒரு சிங்கம்..."

டங்!

சுவருக்குப் பின்னாலிருந்து சொம்புச் சத்தம். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சபையில் ஒரு சிரிப்பு ஓடியது.

"சரி, சிங்கமில்லை. இளைப்புக்காரன். ஆனா முறை அவன் வீட்டுக்கு உள்ளது."

சத்தமில்லை.

"இந்தக் கிணத்தை வெட்டினதே எங்க பாட்டன்தான், ஒத்தைக் கையால, ஒரே பகல்ல..."

டங்!

"கூட நாலு பேரு இருந்தாக..."

டங்! டங்!

"வீரணா," என்றார் அம்பலம், "கிணறு வெட்டினதை விடு. இறைக்க வீட்டுல ஆள் இருக்கா?"

"இருக்கு அய்யா."

சத்தமில்லை.

"யாரு?"

இங்கேதான் தாயி என் திறமை எல்லாம் வெளியே வந்தது. "அவ கூடப் பிறந்தவன் கண்டியிலேருந்து கப்பலேறிட்டான்" என்றேன். டங்! "வடக்கே ஒரு கூலியாள் பேசி வச்சிருக்கு" என்றேன். டங்! "நானே இறைப்பேன்" என்றேன். அவள் தட்டின வேகத்தில் சொம்பு ஒடுங்கியிருக்க வேண்டும், அப்படி ஒரு டங்! மந்தையே உருண்டு சிரித்தது. என் மாமனார் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். "முனியாண்டி சாமி குதிரையிலேருந்து இறங்கி வந்து இறைக்கும்" என்றேன். டங்! "மாடு தானாவே இறைக்கும்." டங்!

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யாருக்காகப் பேசுகிறேன்? அவளுக்காக. என்னை இப்படிச் சந்தி சிரிக்க வைக்கிறாளே! சரிதான் போ என்று என் புளுகு மூட்டையின் அடியில் கைவிட்டு, இருப்பதிலேயே பெரிய புளுகை எடுத்தேன். கையை ஆகாசத்துக்குத் தூக்கிக்கொண்டு கத்தினேன்: "அப்போ வேற யாரு? குருவன் தலைப்பாகையை அவளே கட்டிக்கிட்டு, அவளே வடத்துல ஏறி உட்கார்ந்து, குருவன் படுத்த நாள்லேருந்து அவளேதான் இறைச்சிருக்கா! போதுமா?"

கண்ணை மூடிக்கொண்டு சொம்புச் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

சத்தமில்லை.

ஒரு கண்ணைத் திறந்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயை மூடாமல் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்திருளன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

அம்பலம் மெதுவாகச் சொன்னார். "வீரணா, அதை இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். இந்தத் தடவை கையை ஆகாசத்துக்குத் தூக்கவில்லை. சத்தமில்லை.

"சொம்பு கையை விட்டு நழுவியிருக்கும்யா" என்றான் ஒருத்தன். போய்ப் பார்க்க முடியாது. சுவருக்குப் பின்னால் ஆம்பளை போகக் கூடாது. அதுவும் எங்கள் ஊர்ச் சட்டம்தான். நாங்களே போட்ட சட்டத்துக்கு இந்தப் பக்கம் நாங்களே நின்று முழித்தோம்.

அம்பலம் யோசித்தார். "வீரணா, சும்மா ஒரு பொய் சொல்லு பார்ப்போம்."

"எனக்குப் பொய்யே சொல்ல வராது அய்யா" என்றேன்.

டங்ங்ங்!

அந்தச் சத்தம் பனங்காடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. சொம்பு நன்றாகத்தான் இருந்தது.

முத்திருளன் குதித்து எழுந்தான். "பார்த்தீகளா! வடத்துல உட்கார்ந்திருக்கா! ஊத்துக்கண்ணை அடைச்சுட்டா! கிணத்தைக் கெடுத்துட்டாய்யா!"

"முத்திருளா," என்றார் அம்பலம், "இப்போ சித்த முந்தி, கிணத்துல தண்ணி தளும்புது, கையால மோந்துரலாம்னு சொன்னது யாரு?"

முத்திருளன் உட்கார்ந்துவிட்டான். அந்தச் சட்டையும் அவனோடு சேர்ந்து கசங்கிவிட்டது.

பாவம், அம்பலத்தின் பாடுதான் திண்டாட்டம். பொம்பளை வடத்தில் உட்காரலாம் என்று அவரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் வீட்டிலும் கிணறு இருக்கிறது, பெண்டாட்டி இருக்கிறாள். கிணறு கெட்டுப்போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, தண்ணீர் தளும்புகிறது. மீசையின் இந்தப் பக்கத்தைத் தடவினார், அந்தப் பக்கத்தைத் தடவினார். கடைசியில், "முறை இருளாயி வீட்டுக்கே. வடத்துல யாரு உட்கார்றாகன்னு சபை பார்க்கலை, பார்க்காது. ஆனா பேருக்கு ஒரு ஆம்பளை கிணத்தடியில நிக்கணும். தலைப்பாகையோட. ஊர்ப் பேச்சுல இறைச்சது அவன்தான்" என்றார்.

"யாரு அய்யா அது?" என்று கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோடை முழுக்க அதுதான் தாயி என் வேலை. முறை வருகிற அன்றைக்கெல்லாம் விடியுமுன் எழுப்பிவிடுவாள் சீனியம்மா. நான் தலைப்பாகை கட்டிக்கொண்டு கிணற்றடிப் பூவரச மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போடுவேன். இருளாயி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு வடத்தில் ஏறுவாள். போகிற வருகிறவன் எல்லாம் அவளைப் பார்க்காத மாதிரி என்னைப் பார்த்து, "என்ன வீரணா, இறைக்கிறியா?" என்பான். "ஆமாப்பா, கை ஒழியலை" என்பேன். பிள்ளை என் வேட்டியை நனைத்திருக்கும். தண்ணீர் இறைத்து நனைந்தது என்று அதையும் சொல்லிக்கொள்வேன்.

மாடுகள் ரெண்டும் அவள் "ஹோ" என்றால் இறங்கின, நாக்கைத் தட்டினால் பின்னால் ஏறின. அடேயப்பா, நான் சபையில் சொன்ன ஒரு சொல்லைக் காப்பாற்ற இவள் எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டாள் என்று பூரித்துப்போனேன்! அவள் உள்ளங்கையில் கொட்டைப்பாக்கு மாதிரி காய்ப்புக் காய்த்துக் கிடந்தது. திருகை ஆட்டி வந்திருக்கும் என்று நினைத்தேன். நான் ஒரு சொல் சொன்னால் பொம்பளை கமலை இறைக்கிறாள், நான் இன்னொரு சொல் சொன்னால் மழை கூடப் பெய்யும் என்று கள்ளுக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் இறைப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. அவள் மடை மாற்றப் போன நேரம் பார்த்து வடத்தில் ஏறி உட்கார்ந்து "ஹோ" என்றேன். மாடுகள் திரும்பி என்னைப் பார்த்தன. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அப்புறம் என்ன நடந்ததென்று சரியாகத் தெரியாது, நான் கிணற்றுக்குள் இருந்தேன். அங்கே ஒரு ஆமை. சத்தியமாகச் சொல்கிறேன், மூஞ்சி அச்சு அசலாக ஆண்டியப்ப அம்பலம்! என்னைப் பார்த்து, "பேருக்குத்தானே நிக்கச் சொன்னேன்?" என்று கேட்டது. நம்பாவிட்டால் போ. தோல்வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இருளாயி வந்து எட்டிப்பார்த்தாள், வடத்தில் ஏறி மாட்டை ஓட்டினாள். என்னைத் தண்ணீரோடு சேர்த்து இறைத்து வாய்க்காலில் கொட்டினாள். மிளகாய்ப் பாத்தி வரைக்கும் போய்த்தான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து ஈரத்தோடு நடுங்கிக்கொண்டே சீனியம்மாவிடம் சொன்னேன். "என்ன கெட்டிக்காரி பாரு! மந்தையில நான் சொன்னதுக்கு அப்புறம் கத்துக்கிட்டது, அதுக்குள்ள என்னையே இறைச்சுட்டா!"

அவள் புடைக்கிற முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்புறமா? உங்க அண்ணன் ரெண்டு வெள்ளாமையா எந்திரிச்சு நிக்க மாட்டாம கிடந்தாக. அம்புட்டு நாளும் இறைச்சது அவதான். சாணி பொறுக்கப் போற பொம்பளைக எல்லாரும் தினம் பார்க்கிறதுதானே? செத்தவுக தலைப்பாகையைக் கட்டிக்கிட்டு உட்கார முடியாதுன்னுதான் அவ மந்தைக்கே வந்தா."

"அப்போ வரப்புல நின்னு நான் கதை சொன்னேனே, குருவன் கேட்டானே..."

"உங்க அண்ணன் அன்னிக்கு வீட்டுல படுத்து இளைச்சுக்கிட்டுக் கிடந்தாக."

எனக்குக் குளிர் விட்டுப்போய்விட்டது. "ஏன்டி, ஊர்ப் பொம்பளைக எல்லாருக்கும் தெரியும்ங்கிற. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீங்க கேட்டீகளா?" என்றாள். மறுபடியும் முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த முறைக்கு இருளாயியிடமே கேட்டேன். "ஆமா கொழுந்தனாரே, மூணு கதையையும் முழுக்கக் கேட்டேன். என்ன செய்ய, வாயைத் திறந்தா குரல் காட்டிக் குடுத்துருமே! போங்கன்னு ஒரு தடவை கையைக் கூட ஆட்டினேன்."

ஆனாலும் தாயி, ஒன்று சொல்கிறேன். சபையில் நான் பொய்யாகத்தான் சொன்னேன். அது உண்மையாகிப் போனதற்கு நான் பொறுப்பில்லை.

மிளகாய் அந்த வருஷம் தோட்டமே தீப்பிடித்த மாதிரி பழுத்தது. முத்திருளன் தன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவளைக் கூப்பிட மாட்டான், என்னைத்தான் கூப்பிடுவான். "நல்லா வெளைய வச்சிருக்கடா வீரணா!" நானும் "எல்லாம் உழைப்புத்தான் அண்ணே" என்பேன். அவள் குனிந்து பழம் எடுத்துக்கொண்டே இருப்பாள். ஒரு கூடை வற்றல் எங்கள் வீட்டுக்கு வந்தது. வாய் நின்றதற்காம். அந்த வருஷக் குழம்பில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

அதற்கப்புறம் என் பவிசே வேறு. சுற்றுப்பட்டில் எந்தப் பொம்பளைக்கு வழக்கு வந்தாலும் வாய் நிற்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். சொம்பு வைக்காத பக்கத்து ஊரில் கூடச் சண்டை போட்டுச் சொம்பு வைத்துவிட்டு, அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். தென்பக்கத்தில் பொய்யே பேசாத ஒரு பெரிய மனுசர் இருந்தார், அவரை ஒருத்தியும் சீந்தவில்லை. என் நாவன்மை அப்படி.

இருளாயியிடமே ஒரு தடவை பெருமையாகக் கேட்டேன். "அந்த நல்ல மனுசரை விட்டுட்டு எல்லாரும் என்கிட்ட வாராகளே, என் பேச்சுல அப்படி என்ன மதினி இருக்கு?"

அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னாள். "அவுகளை வாயா வச்சா சொம்புக்கு வேலையே இல்லையே கொழுந்தனாரே. முதல்லேருந்து கடைசி வரைக்கும் அவுகளே பேசிட்டு உட்கார்ந்துருவாக. சுவத்துக்குப் பின்னாடி ஒருத்தி நிக்கிறாங்கிறதே சபைக்கு மறந்துபோகும். நீங்கன்னா, மூச்சுக்கு ஒரு தடவை நாங்க பேசலாம்."

ரொம்ப நாள் அதை யோசித்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் புகழ்ச்சி மாதிரித்தான் இருக்கிறது. இல்லையா?

அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சீட்டில் உட்கார எனக்கு உரிமை உண்டு. பொம்பளைகள் மனசில் இருப்பதை அவர்கள் வாயைத் திறக்குமுன் தெரிந்துகொள்கிறவன் நான். அனுபவம்! நீ ஏறினதும் சீட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தாய் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் பார்த்தாயா?

அது சரி, நீ ஏன் தாயி அந்த முன்கம்பியை வளையலால் தட்டிக்கொண்டே வருகிறாய்? நானும் நத்தக்காடு என்று சொன்னதிலிருந்து பார்க்கிறேன். பாட்டுக்குத் தாளம் என்று நினைத்தேன்.

என்ன? இப்போது கேட்கிறேன், சொல்லு. சீட்டைப் பற்றி இல்லையா?

நத்தக்காடு வழியாகப் போகாதா? இந்த பஸ்ஸா? புதுச் சாலையில் திரும்பிவிட்டதா? எப்போது திரும்பினது? நான் சபையில் எழுந்து நின்றபோதா!

அட, அதைத்தான் வாசலில் ரெண்டு தடவை சொல்லியிருக்கிறாள். மஞ்சள் போர்டு வண்டியில ஏறாதீகன்னு... இப்போது காதில் விழுகிறது.

கண்டக்டர் தம்பி, விசிலை ஊது! இறங்கணும்! கோழி ஆறிப்போகும்! நகரு தாயி, வழி விடு. நீ தாராளமாக உட்கார்ந்துகொள், உன் சீட்டுதான்.

ஏன் தாயி, இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டியிருக்கலாமே?